கூட வருபவர் பின்வாங்கினால் பணம் யாருக்கு? அமெரிக்க விமான கிரெடிட் விதிகள்: ஒரு மதிப்பீடு

நான்கு பேருக்கும் சேர்த்து ஒருவர் டிக்கெட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 260 டாலர், மொத்தம் 1,040 டாலர், எல்லாம் அவருடைய கார்டில். பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நால்வரில் ஒருவரால் வர முடியவில்லை. அந்த 260 டாலர் யாருடையது? பணம் கட்டியவர் தன்னுடையது என்று நினைப்பார். விமான நிறுவனத்தின் கணக்கில் அது டிக்கெட்டில் பெயர் இருப்பவருடையது. பணமாகத் திரும்பினால் கார்டுக்குப் போகும். கிரெடிட்டாக, அதாவது அதே நிறுவனத்தில் பின்னால் டிக்கெட் எடுக்கப் பயன்படும் மதிப்பாகத் திரும்பினால் பெயருக்குப் போகும். நண்பர்களும் உறவினர்களும் சேர்ந்து போகும் பயணங்களில் பின்னால் எழும் மனவருத்தங்கள் பலவும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாததால் வருபவை.

சவுத்வெஸ்ட், அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் ஆகிய நான்கு விமான நிறுவனங்களின் கிரெடிட் முறைகளை இந்த ஒரு கேள்வியை வைத்து மட்டும் இங்கே எடைபோடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கூட வருபவர் கேன்சல் செய்யும் சூழலுக்கு இன்றும் சவுத்வெஸ்ட்தான் முதலிடம். 2025 மே மாதத்துக்குப் பிறகு அதன் கிரெடிட் முன்பைப் போல் தாராளமானது அல்ல என்றாலும், கிரெடிட்டை இன்னொருவருக்கு மாற்றித் தரும் வழி அதில் இருக்கிறது. அமெரிக்கன் இரண்டாவது. டெல்டாவும் யுனைடெட்டும் கேன்சல் செய்வதை எளிதாக்கியிருக்கின்றன, ஆனால் கிரெடிட்டைப் பெயரோடு இறுகக் கட்டிவைத்திருக்கின்றன.

2020 ஆகஸ்ட் வரை, சவுத்வெஸ்ட் தவிர மற்ற பெரிய நிறுவனங்களில் உள்நாட்டு டிக்கெட்டை மாற்றவோ கேன்சல் செய்யவோ 200 டாலர் வரை தண்டம் கட்ட வேண்டியிருந்தது. 260 டாலர் டிக்கெட்டில் 200 போனால் மிச்சம் 60. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்த ஆகஸ்ட் 30 அன்று யுனைடெட் அந்தக் கட்டணத்தை நீக்குவதாக அறிவித்தது. மறுநாளே டெல்டாவும் அமெரிக்கனும் பின்தொடர்ந்தன. அதன்பின் சாதாரண எகானமி டிக்கெட்டை கேன்சல் செய்தால் முழு மதிப்பும் கிரெடிட்டாக நிற்கிறது. அதனால்தான் அந்தக் கிரெடிட் யாருக்கு, எதுவரைக்கும் என்ற கேள்விக்கு இப்போது இவ்வளவு பண மதிப்பு.

கடிகாரம் எப்போது தொடங்குகிறது

பலரும் இடறுகிற இடம் இது. கிரெடிட்டின் ஆயுள் கேன்சல் செய்த நாளிலிருந்து ஓடுவதில்லை. டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. ஜனவரி 10 அன்று வாங்கிய டிக்கெட், செப்டம்பரில் பயணம், ஆகஸ்ட் 20 அன்று கேன்சல் என்றால், ஒரு வருட ஆயுள் உள்ள கிரெடிட் அடுத்த ஜனவரி 10 அன்று முடிந்துவிடும். கையில் இருப்பது ஒரு வருடம் அல்ல, ஐந்து மாதத்துக்கும் குறைவு. சீக்கிரமே டிக்கெட் எடுத்து வைக்கும் பழக்கமுள்ள குடும்பங்களுக்கு இது நேரடியான நஷ்டம்.

அந்தக் கிரெடிட்டை வைத்துப் புதிய டிக்கெட் எடுத்து, அதையும் கேன்சல் செய்தால் ஆயுள் புதிதாகத் தொடங்கும் என்று நம்பிவிடக் கூடாது. பழைய தேதியே கூட வரும். இன்னொன்று, காலாவதித் தேதிக்குள் டிக்கெட் எடுத்தால் போதுமா, அல்லது பறந்தே ஆக வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், கிரெடிட்டுக்குக் கிரெடிட் மாறுகிறது. பறக்கும் தேதியை வைத்துத் திட்டமிட்டால் எந்த விதியிலும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

சவுத்வெஸ்ட்

2022 ஜூலை இறுதியில் சவுத்வெஸ்ட் தன் கிரெடிட்டுகளுக்குக் காலாவதியே இல்லை என்று அறிவித்தது. வேறெந்தப் பெரிய நிறுவனமும் அப்படிச் செய்யவில்லை. 2025 மே 28 முதல் எடுக்கப்படும் டிக்கெட்டுகளுக்கு அந்தச் சலுகை போய்விட்டது. இப்போது பேசிக் எனும் மிக மலிவான வகை டிக்கெட்டிலிருந்து வரும் கிரெடிட்டுக்கு வாங்கிய நாளிலிருந்து 6 மாதம், மற்றவற்றுக்கு 12 மாதம். இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்கும் பழைய வழக்கமும் அதே நாளில்தான் பெரும்பாலான பயணிகளுக்கு முடிந்தது.

பேசிக் டிக்கெட்டின் 6 மாதக் கணக்கை உற்றுப் பாருங்கள். ஜனவரி 10 அன்று வாங்கி, ஆகஸ்டுப் பயணத்தை ஜூலை கடைசியில் கேன்சல் செய்தால், ஜூலை 10 அன்றே ஆயுள் முடிந்திருக்கும். கைக்கு வருவது ஏற்கெனவே செத்துப்போன கிரெடிட். ஆறு மாதத்துக்கு அப்பால் உள்ள பயணத்துக்கு, அதிலும் வருவாரா மாட்டாரா என்று உறுதியில்லாத ஒருவருக்கு, பேசிக் எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மிச்சமாகும் சில டாலர்களுக்கு அந்த ஆபத்து தேவையில்லை. தேதி மாற்றம்கூட பேசிக்கில் கிடையாது. மேல் கட்டணத்துக்கு உயர்த்திக்கொண்டால்தான் மாற்றலாம்.

இனி நல்ல பக்கம். பேசிக்குக்கு மேலே உள்ள சாய்ஸ், சாய்ஸ் ப்ரிஃபர்டு, சாய்ஸ் எக்ஸ்ட்ரா டிக்கெட்டுகளிலிருந்து வரும் கிரெடிட்டை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம். இதில் நான்கு நிபந்தனைகள் முக்கியம். கொடுப்பவர், பெறுபவர் இருவரும் ராப்பிட் ரிவார்ட்ஸ் எனும் சவுத்வெஸ்டின் புள்ளித் திட்டத்தில் உறுப்பினர்களாக இருக்க வேண்டும், சேர்வதற்குச் செலவில்லை. ஒரு முறைதான் மாற்றலாம். பெற்றவர் அதை மூன்றாவது நபருக்குத் தள்ளிவிட முடியாது. மாற்றினாலும் காலாவதித் தேதி மாறாது. அலுவலகம் தன் வணிகக் கணக்கு வழியாக எடுத்த டிக்கெட் என்றால் அதே நிறுவனத்தின் ஊழியர்களுக்குள்தான் மாற்ற முடியும்.

நடைமுறையில் இதன் பொருள், முதலில் சொன்ன 260 டாலரைப் பணம் கட்டியவர் திரும்பப் பெற வழி உண்டு என்பதுதான். ஆனால் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டியவர் பின்வாங்கியவர். அவருடைய கணக்கிலிருந்துதான் மாற்ற முடியும். கேன்சல் செய்த அன்றே அவரை உள்நுழையச் சொல்லி, பெறுபவரின் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் கொடுத்து முடித்துவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் ஆறு மாதம் கழித்துக் கேட்பதற்கே சங்கடமாக இருக்கும், கிரெடிட்டின் ஆயுளும் கரைந்திருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே எல்லாருடைய உறுப்பினர் எண்ணையும் வாங்கிப் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கேன்சல் செய்யக் கடைசி நேரம், புறப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு. அதைத் தாண்டினால் வராதவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கட்டணத்தின் வகையைப் பொறுத்து மதிப்பு முழுவதும் போகும். ‘நான் வரவில்லை’ என்று நண்பர்கள் குழுவில் செய்தி போடுவது கேன்சல் ஆகாது. யாராவது ஒருவர் நிறுவனத்தின் செயலியைத் திறந்து அதைச் செய்தாக வேண்டும்.

கம்பேனியன் பாஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு காலண்டர் ஆண்டில் 1,35,000 தகுதிப் புள்ளிகளோ 100 ஒருவழிப் பயணங்களோ சேர்த்தால் கிடைக்கும் இந்தப் பாஸ், கிடைத்த ஆண்டின் மிச்சத்துக்கும் அடுத்த ஆண்டு முழுவதற்கும் செல்லும். ஒருவரைத் துணையாக நியமித்துவிட்டால் அவர் உங்களோடு வரும் ஒவ்வொரு பயணத்துக்கும் வரியும் கட்டணமும் மட்டும். உள்நாட்டில் ஒருவழிக்கு 5.60 டாலரிலிருந்து. துணையை ஆண்டுக்கு மூன்று முறை மாற்றலாம்.

இந்த ஏற்பாட்டில் கேன்சல் வெகு சுத்தமாக நடக்கிறது. துணைக்குத் தனி உறுதி எண் உண்டு. அவர் வரவில்லையென்றால் அந்த எண்ணை மட்டும் கேன்சல் செய்தால் போதும். முதன்மைப் பயணியின் டிக்கெட்டுக்கு எதுவும் ஆகாது, போவதும் சில டாலர் வரிதான், அதுவும் திரும்பும். தலைகீழாக நடந்தால்தான் கவனம் வேண்டும். முதன்மைப் பயணி கேன்சல் செய்ய வேண்டுமென்றால் முதலில் துணையின் முன்பதிவை எடுத்துவிட வேண்டும். அதுவரை தன்னுடையதைக் கேன்சல் செய்ய முடியாது. புறப்படும் நேரம் நெருங்கிய பதற்றத்தில் இந்த வரிசை தெரியாமல் தடுமாறினால் அந்தப் பத்து நிமிட எல்லை தாண்டிவிடும். துணை மட்டும் தனியாகப் பறக்கவும் முடியாது.

அமெரிக்கன்

இங்கே கிரெடிட்டில் வகைகள் உண்டு, பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் குழப்பம். கேன்சல் செய்த அல்லது பயன்படுத்தாத டிக்கெட்டின் மதிப்பு ஃப்ளைட் கிரெடிட். அது அந்தப் பயணியின் பெயருக்கு மட்டும், அவருடைய பயணத்துக்கு மட்டும். ட்ரிப் கிரெடிட் வேறு. அதை வைத்திருப்பவர் தனக்கும் எடுக்கலாம், பிறருக்கும் எடுத்துக்கொடுக்கலாம். கேன்சல் செய்ததும் வரும் மின்னஞ்சலில் இந்த இரண்டில் எது எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

ஃப்ளைட் கிரெடிட்டை வைத்து அதைவிட மலிவான டிக்கெட் எடுத்தால், மிச்சத் தொகை ட்ரிப் கிரெடிட்டாக வருகிறது. பின்வாங்கிய நண்பர் 260 டாலர் ஃப்ளைட் கிரெடிட்டில் தனக்கு 110 டாலருக்கு ஒரு பயணம் எடுத்தால், மீதி 150 டாலரில் அவர் பணம் கட்டியவருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொடுக்க முடியும். முழுத்தொகையும் பெயரோடு முடங்கிப்போகாமல் இருக்க இந்த வழி உண்டு என்பதால்தான் அமெரிக்கனுக்கு இரண்டாமிடம். அந்த நண்பர் எப்படியும் பறக்கப்போகிறவராக இருந்தால்தான் இது பயன்படும்.

டெல்டா, யுனைடெட்

டெல்டாவில் இதன் பெயர் இ-கிரெடிட், யுனைடெட்டில் ஃப்யூச்சர் ஃப்ளைட் கிரெடிட். கேன்சல் செய்த டிக்கெட்டிலிருந்து வருபவை இரண்டுமே அந்தப் பயணிக்கு மட்டும். பேசிக் எகானமி எடுத்திருந்தால் கேன்சலுக்கு ஒரு கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். மலிவான டிக்கெட்டில் கழித்தபின் பெரிதாக எதுவும் நிற்காது. யுனைடெட்டில் டிராவல் சர்ட்டிஃபிகேட் என்று இன்னொன்று உண்டு, அதைப் பிறருக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அது கூட வருபவர் கேன்சல் செய்ததற்காகத் தரப்படுவதல்ல. பெரும்பாலும் நிறுவனம் ஏற்படுத்திய சிரமத்துக்கான ஈடு. இரண்டையும் ஒன்றாக நினைத்து, ‘கிரெடிட்டை யாருக்கும் பயன்படுத்தலாமாம்’ என்று யாராவது சொல்வதை நம்பிவிட வேண்டாம்.

எந்த நிறுவனமானாலும் டிக்கெட் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆறு எழுத்து உறுதி எண் வேறு, 13 இலக்க டிக்கெட் எண் வேறு. அமெரிக்கன் 001, டெல்டா 006, யுனைடெட் 016, சவுத்வெஸ்ட் 526 என்று தொடங்கும். பல மாதம் கழித்துக் கிரெடிட்டைத் தேடும்போது உறுதி எண் பயன்படாமல் போகலாம். டிக்கெட் எண் இருந்தால் தொலைபேசியில் பேசும் ஊழியர் எடுத்துவிடுவார்.

ஒரே முன்பதிவில் ஒருவரை மட்டும் விலக்குவது

நால்வரும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே ஆறெழுத்து உறுதி எண்ணில் இருக்கிறார்கள், ஒருவர் மட்டும் வரவில்லை. பெரும் சேதம் நடப்பது இந்த இடத்தில்தான். இணையதளத்தில் ‘பயணத்தை ரத்துசெய்’ என்று தட்டினால் சில நேரம் நால்வருடைய பயணமும் சேர்ந்து போய்விடும். பிறகு அந்த மூன்று பேருக்கு அன்றைய விலையில் புதிதாக எடுக்க வேண்டியதுதான். பயணிகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் கட்டங்கள் திரையில் வந்தால், போகிறவர்களின் பெயர்களில் குறி இல்லை என்று உறுதி செய்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். கட்டங்களே வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டுத் தொலைபேசியிலோ செயலியின் அரட்டையிலோ கேட்க வேண்டும்.

ஊழியரிடம் கேட்க வேண்டியது, ‘முன்பதிவைப் பிரித்துக்கொடுங்கள்’ என்பது. பின்வாங்குகிறவரைப் புதிய பி.என்.ஆருக்கு நகர்த்தச் சொல்லுங்கள்; போகிற மூவரும் பழைய எண்ணிலேயே இருப்பது நல்லது. பிரித்ததும் புதிய ஆறெழுத்து எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். டிக்கெட் எண் மாறாது, ஆனால் அது புதிய பி.என்.ஆரோடு இணைந்திருக்கிறதா என்று ஊழியரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதன்பிறகுதான் கேன்சல். கேன்சல் ஆனதும் கிரெடிட் தொகை எவ்வளவு, காலாவதி என்று, யார் பெயரில் என்ற மூன்றையும் அதே அழைப்பில் கேட்டுக்கொள்ளலாம்.

அழைப்பு முடிந்தவுடன் மூவரின் முன்பதிவைத் திறந்து பாருங்கள். பிரிக்கும்போது காசு கொடுத்து எடுத்த இருக்கைகள் கழன்றுபோவது உண்டு. சைவ உணவுக் கோரிக்கை, சக்கர நாற்காலிக் கோரிக்கை, உறுப்பினர் எண், பாதுகாப்புச் சோதனைக்கான அறிந்த பயணி எண் ஆகியவை அப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். விலகியவருக்காகக் கட்டிய இருக்கைக் கட்டணமும் பெட்டிக் கட்டணமும் டிக்கெட் கிரெடிட்டுக்குள் தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்; அவற்றுக்குத் தனி ரசீது, தனிக் கேள்வி.

விலகுகிறவர் பெரியவராகவும் கூட இருப்பது குழந்தையாகவும் இருந்தால் விஷயம் பணத்தோடு நிற்காது. அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் மூன்றிலும் 5 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளை தனியாகப் போக வேண்டுமென்றால் துணையற்ற சிறார் சேவை கட்டாயம், அதற்கு ஒருவழிக்கு 150 டாலர், எல்லா விமானங்களிலும் அது கிடைக்கவும் கிடைக்காது. சவுத்வெஸ்டில் இந்த வயது வரம்பு 5 முதல் 11. வேறொரு பெரியவர் அதே முன்பதிவில் இல்லையென்றால் முதலில் பிள்ளைக்கான ஏற்பாட்டை முடித்துவிட்டுத்தான் பெரியவரின் டிக்கெட்டைத் தொட வேண்டும்.

இன்னொரு தவறான கணக்கையும் சொல்லியாக வேண்டும். ‘போகும்போது வரவில்லை, திரும்பும்போது மட்டும் சேர்ந்துகொள்கிறேன்’ என்று சிலர் கேன்சலே செய்யாமல் விட்டுவிடுவார்கள். முதல் பகுதியில் ஏறாவிட்டால் அந்த டிக்கெட்டின் மீதிப் பகுதிகள் தாமாகவே கேன்சல் ஆகிவிடும். திரும்பும் பயணம் வேண்டுமென்றால் புறப்பாட்டுக்கு முன்பே பேசி டிக்கெட்டை மாற்றியாக வேண்டும்.

கேன்சல் செய்வதற்கு முன் பொறுத்துப் பாருங்கள்

கிரெடிட்டை விடப் பணம் நல்லது. பணம் கட்டியவருக்கு அதுதான் நியாயமும். பணமாகவே திரும்ப இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது 24 மணி நேர விதி. புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் தண்டமின்றிக் கேன்சல் செய்ய விட வேண்டும், அல்லது பணம் வாங்காமல் அந்த விலையை 24 மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி. எல்லாரிடமும் ‘உறுதியா?’ என்று இறுதியாகக் கேட்க வேண்டிய நேரம் இந்த 24 மணி நேரம்தான். இணையப் பயண முகவர்களை இந்த விதி கட்டுப்படுத்தாது. பலர் தாமாகப் பின்பற்றுகிறார்கள் என்றாலும் அது அவர்கள் விருப்பம்.

இரண்டாவது வழி, பொறுமை. 2024 அக்டோபர் 28 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, நிறுவனம் விமானத்தை ரத்து செய்தாலோ, உள்நாட்டில் மூன்று மணி நேரமோ வெளிநாட்டுப் பயணத்தில் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ நேரத்தை மாற்றினாலோ, புறப்படும் அல்லது சேரும் விமான நிலையத்தை மாற்றினாலோ, இடைநிறுத்தங்களைக் கூட்டினாலோ, மாற்றை ஏற்காத பயணிக்குப் பணத்தையே திருப்ப வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஏழு வேலை நாட்களுக்குள், மற்ற வழிகளில் கட்டியிருந்தால் 20 நாட்களுக்குள். திரும்ப வாங்க முடியாத டிக்கெட்டுக்கும் இது பொருந்தும்.

மூன்று மாதம் கழித்துள்ள பயணத்தில் ஒருவர் பின்வாங்கினால் உடனே கேன்சல் பொத்தானை அழுத்துவதில் ஆதாயம் எதுவும் இல்லை. நீங்களாகக் கேன்சல் செய்துவிட்டால் கிரெடிட்தான். அடுத்த மாதம் நிறுவனம் கால அட்டவணையைப் பெரிதாக மாற்றினால் பணமாகக் கேட்கும் உரிமை அப்போது கையில் இருக்காது. பொறுத்திருந்து, பயணத்துக்குச் சில நாள் முன்பு கேன்சல் செய்தாலும் கிரெடிட்டின் தொகை குறையாது, காலாவதித் தேதியும் மாறாது. சவுத்வெஸ்ட் பேசிக் போலக் குறுகிய ஆயுள் உள்ள கிரெடிட்டுக்கு மட்டும் இந்தப் பொறுமை ஆகாது. மறந்துபோகாமல் இருக்கத் தொலைபேசியில் புறப்பாட்டுக்கு மூன்று நாள் முன்பு ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை மாற்ற அறிவிப்பு வந்தால், ‘ஏற்கிறேன்’ என்று நால்வருக்கும் சேர்த்து அழுத்திவிடாதீர்கள். முதலில் முன்பதிவைப் பிரிக்கச் சொல்லி, போகிறவர்களுக்கு மட்டும் ஏற்று, விலகுகிறவருக்கு மறுத்துப் பணம் கேட்க வேண்டும். அந்தப் பணம் கார்டுக்கு வந்துசேரும்.

டிக்கெட் எடுக்கும்போதே செய்ய வேண்டியது

உறுதியில்லாத ஒருவர் குழுவில் இருந்தால் அவருக்குத் தனி பி.என்.ஆர் எடுப்பதே நல்ல ஏற்பாடு. பிரிக்க வேண்டிய வேலையே வராது. விலையிலும் சில நேரம் இதுவே லாபம். மலிவான கட்டண வகுப்பில் மூன்று இருக்கை மட்டும் மிச்சமிருக்கும்போது நால்வருக்கு ஒன்றாகத் தேடினால், பொதுவாக நால்வருக்கும் அடுத்த வகுப்பின் விலையையே கணினி காட்டும். உதாரணமாக, மலிவு விலை 180, அடுத்தது 230 டாலர் என்றால், ஒன்றாக எடுத்தால் 920 டாலர். மூன்றும் ஒன்றுமாக எடுத்தால் 770.

இதற்கு விலையும் உண்டு. விமானம் ரத்தாகும் நாளில் கணினி ஒவ்வொரு பி.என்.ஆரையும் தனித்தனியாக அடுத்த விமானத்தில் ஏற்றும். ஊழியரிடம் சொல்லி இரண்டையும் குறிப்பால் இணைத்துவைக்கலாம், ஆனால் அது உத்தரவாதம் ஆகாது. அதனால் சிறு பிள்ளைகள், தனியாகச் சமாளிக்க முடியாத முதியவர்கள் ஆகியோரைத் துணையிடமிருந்து ஒருபோதும் வேறு பி.என்.ஆரில் பிரிக்க வேண்டாம்.

உங்களிடம் மைல்களோ புள்ளிகளோ இருந்தால், தடுமாறும் நபரின் டிக்கெட்டை அதில் எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் யோசனைகளில் எங்களுக்கு அதிக நம்பிக்கை உள்ளது இதன்மேல்தான். பணத்தில் எடுத்தால் கிரெடிட் பயணிக்குப் போகிறது. மைல்களில் எடுத்தால் கேன்சலில் மைல்கள் எந்தக் கணக்கிலிருந்து போயினவோ அதே கணக்குக்குத் திரும்புகின்றன. அமெரிக்கன், யுனைடெட், சவுத்வெஸ்ட் மூன்றிலும் இப்படி மைல்களில் எடுத்த சாதாரண விருது டிக்கெட்டைப் புறப்பாட்டுக்கு முன் கேன்சல் செய்தால் மைல்களைத் திரும்பச் சேர்க்கக் கட்டணம் இல்லை. டெல்டாவில் பேசிக் வகை விருது டிக்கெட்டுக்கு மட்டும் கழிவு உண்டு. யாரிடமும் போய்க் கேட்டு வாங்க வேண்டிய நிலை வராது.

ஊரிலிருந்து வரும் பெற்றோரின் டிக்கெட்

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி வருவது இது. பெற்றோர் ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார்கள், எல்லாருமாக ஓர்லாண்டோவுக்கோ லாஸ் வேகாஸுக்கோ டிக்கெட் எடுத்தாயிற்று, அம்மாவுக்கு முட்டி வலி, வரவில்லை என்கிறார். அவர் பெயரில் கிரெடிட் வரும். அவரோ அடுத்த மாதம் ஊருக்குத் திரும்புகிறார். பெயரோடு கட்டப்பட்ட கிரெடிட் இந்த இடத்தில் முழு நஷ்டம். பெற்றோருக்கு எடுக்கும் உள்நாட்டு டிக்கெட் ஒன்று மைல்களில் இருக்கட்டும், அல்லது சவுத்வெஸ்டில் மாற்றத்தக்க கட்டணமாக இருக்கட்டும், அவர்களுக்கும் உறுப்பினர் கணக்கு தொடங்கியிருக்கட்டும்.

பெயர்ச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருப்பவர்களுக்கு முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடுவதும், தந்தை பெயர் கடைசிப் பெயராவதும் வழக்கம். டிக்கெட்டில் எப்படி அச்சானதோ அதே எழுத்துகளில் தேடினால்தான் கிரெடிட் கிடைக்கும். அதே வடிவில் எடுத்தால்தான் புதிய டிக்கெட்டுக்கு அதைச் செலுத்தவும் முடியும். டிக்கெட் மின்னஞ்சலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

பயணக் காப்பீட்டைப் பொறுத்தவரை, கூட வருபவரின் நோய் பல பாலிசிகளில் ஏற்கப்படும் காரணம். ஆனால் ‘கூட வருபவர்’ யார் என்று பாலிசி எப்படி வரையறுக்கிறது என்பதைப் படித்துத்தான் வாங்க வேண்டும், மருத்துவர் கடிதமும் வேண்டும். மனம் மாறிவிட்டது என்பது காரணம் ஆகாது. எந்தக் காரணத்துக்கும் கேன்சல் செய்யலாம் என்கிற வகைப் பாலிசி பொதுவாகச் செலவில் 50 முதல் 75 சதவீதம்தான் தரும். முதல் பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கியிருக்கவும் வேண்டும். முழு மதிப்பும் கிரெடிட்டாக வந்துவிட்டால், நஷ்டம் இல்லை என்று காப்பீட்டாளர் மறுக்கவும் கூடும்.

பயணியோ உடன் பயணிப்பவரோ இறந்துபோன நிலையில், திரும்ப வாங்க முடியாத டிக்கெட்டுக்கும் பணம் திருப்பித் தரும் வழக்கம் நிறுவனங்களில் உண்டு. இணையதளத்தில் கேன்சல் செய்து கிரெடிட்டாக விட்டுவிடாமல், இறப்புச் சான்றிதழின் நகலோடு பணம் திரும்பக் கோரும் படிவத்தில் எழுதிக் கேளுங்கள்.

உரிய பணத்துக்குப் பதில் கிரெடிட்டைத் திணித்தால், நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு முறை கேட்டுவிட்டு, போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் புகார் பதியலாம். புகாரை 30 நாட்களுக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவும், 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும் நிறுவனம் கடமைப்பட்டது. புகாரில் டிக்கெட் எண், கட்டிய தொகை, அட்டவணை மாறிய மின்னஞ்சலின் தேதி, பழைய நேரம், புதிய நேரம் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும்.